பறக்கப் பழக்கிய விமானம்

தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரத்தில் இருந்து புறப்பட்டது. அது 1856-ம் ஆண்டு.

எண்ணூரில் லாரி செய்கிறார்கள். திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். துறைமுகத்தில் கப்பல் வருகிறது, போகிறது. காசிமேட்டில் படகு கட்டுகிறார்கள்.

தண்டவாளத்தில் ஓடுவது, தார் ரோட்டில் ஓடுவது, தண்ணீரில் ஓடுவது, இந்த மூன்றும் வடசென்னைக்குப் பழக்கமான தொழில். வானத்தில் ஓடுவது மட்டும் இன்னும் வேடிக்கைப் பொருளாகவே இருக்கிறது. விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வருகிறார்கள். அண்ணாந்து பார்க்கிறார்கள். கை ஆட்டுகிறார்கள். பிறகு வீட்டுக்குள் போய்விடுகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் விமானம் ஓட்ட வேண்டும் என்றால் எப்படி ஓட்டுவான்? யார் சொல்லிக் கொடுப்பார்கள்? எதில் ஏறிப் பழகுவான்?

சைக்கிள் பழக வாடகை சைக்கிள் இருந்தது. கார் பழக, 'எல்' என்று எழுதிய கார் இருக்கிறது. விமானம் பழகவும் அப்படி ஒரு விமானம் இருந்தது. உலகத்தில் பல்லாயிரம் பேருக்குப் பறக்கக் கற்றுக் கொடுத்த விமானம் அது. நம் நாட்டு வீரர்களுக்கும் அதுதான் வாத்தியார். அதன் பெயர் 'டைகர் மாத்'.

இன்று அதைப் பற்றிப் பேச ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் விமானத்தைப் பார்ப்போம்.

பூச்சியின் பெயர்

'மாத்' என்றால் அந்துப்பூச்சி. ராத்திரியில் விளக்கைச் சுற்றி வருமே, அந்த இனம். இங்கிலாந்தில் ஜெப்ரி டி ஹாவிலண்ட் என்று ஒரு விமான நிபுணர் இருந்தார். அவருக்குப் பூச்சிகள் மீது கொள்ளை ஆசை. தான் செய்த சின்ன விமானங்களுக்கு எல்லாம் பூச்சிகளின் பெயரையே வைத்தார்.

முதல் 'மாத்' 1925-ல் பறந்தது. பிறகு 'ஜிப்ஸி மாத்' வந்தது. ராணுவத்துக்குப் பயிற்சி விமானம் வேண்டும் என்று கேட்டார்கள். அதற்காகச் செய்ததுதான் 'டைகர் மாத்'. 1931-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி அது முதன்முதலாகப் பறந்தது.

பார்த்தால் இது விமானமா என்று கேட்கத் தோன்றும். மேலே ஓர் இறக்கை. கீழே ஓர் இறக்கை. நடுவில் கால்கள். குறுக்கும் நெடுக்கும் கம்பிகள். இரண்டு தட்டு வைத்த அலமாரி போல இருக்கும்.

ஏன் இரண்டு இறக்கை? ஒரே இறக்கையை நீளமாக, மெல்லிய மரத்தில் செய்தால் அது வளையும், ஒடியும். கனமான மரத்தில் செய்தால் விமானம் தூக்காது. குட்டையாக இரண்டு செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, கம்பியால் இழுத்துக் கட்டினால் பலமும் உண்டு, எடையும் குறைவு. மெதுவாகப் போகும்போதும் விமானத்தைத் தாங்கிக்கொள்ளும். பழகுகிறவனுக்கு அதுதானே வேண்டும்!

உடம்பு இரும்புக் குழாயால் கட்டிய கூடு. இறக்கை மரச் சட்டம். அதன் மேல் லினன் துணி. துணியை இழுத்துத் தைத்து, வார்னிஷ் மாதிரி ஒரு மருந்தைப் பூசுவார்கள். காய்ந்ததும் துணி தம்பட்டம் போல விறைத்துக்கொள்ளும்.

ஆக, இந்த விமானத்தைச் செய்ய யார் வேண்டும்? ஒரு தச்சர், ஒரு தையல்காரர், ஒரு வெல்டர், ஒரு பிட்டர். நம் தெருவில் உள்ளவர்கள்தான்!

எடை எவ்வளவு தெரியுமா? ஆளும் பெட்ரோலும் இல்லாமல் சுமார் 500 கிலோ. திருவொற்றியூரில் செய்த புல்லட் மோட்டார் சைக்கிள் மூன்றை ஒன்றாக வைத்தால் அந்த எடை வந்துவிடும். இறக்கையின் முழு அகலம் 29 அடி 4 அங்குலம். என்ஜினின் சக்தி 130 குதிரை. வேகம் மணிக்கு 109 மைல், அதாவது 175 கிலோ மீட்டர்.

பெட்ரோல் தொட்டி எங்கே இருக்கும்? மேல் இறக்கையின் நடுவில், விமானியின் தலைக்கு மேலே! மொட்டை மாடித் தொட்டியில் இருந்து குழாய்க்குத் தண்ணீர் இறங்குவது போல, அங்கிருந்து பெட்ரோல் தானாக என்ஜினுக்கு இறங்கும். பம்பு கிடையாது. பம்பு இல்லாததால் பம்பு கெட்டுப்போகும் கவலையும் கிடையாது.

முன்னால் வாத்தியார், பின்னால் மாணவன்

விமானத்தில் இரண்டு குழிகள். முன் குழியில் வாத்தியார் உட்காருவார். பின் குழியில் மாணவன் உட்காருவான். மேலே கூரை இல்லை. முகத்துக்கு நேரே ஒரு சின்னக் கண்ணாடி, அவ்வளவுதான்.

வாத்தியார் முன்னால் உட்கார்ந்ததால் ஒரு தொல்லை வந்தது. அவர் தலைக்கு மேலே இறக்கை. ஆபத்து வந்தால் பாராசூட்டோடு எப்படி வெளியே குதிப்பார்? அதற்காக மேல் இறக்கையை முன்னால் தள்ளி வைத்தார்கள். உடனே பாரம் ஒரு பக்கம் சாய்ந்தது. அதைச் சரிசெய்ய இறக்கைகளின் நுனியைப் பின்னால் சாய்த்தார்கள். 'டைகர் மாத்' படத்தைப் பாருங்கள். இறக்கை கொஞ்சம் பின்வாங்கி இருக்கும். அழகுக்காகச் செய்தது அல்ல அது. ஒரு வாத்தியாரின் உயிருக்காகச் செய்தது.

ஓட்டும் கோல் இருவருக்கும் உண்டு. கால்மிதியும் இருவருக்கும் உண்டு. படகில் சுக்கான் திருப்புகிற மாதிரி, காலால் மிதித்து வால் சுக்கானைத் திருப்ப வேண்டும். இந்தக் கோலும் அந்தக் கோலும் ஒன்றாக இணைந்திருக்கும். வாத்தியார் கோலை அசைத்தால் மாணவன் கையில் உள்ள கோலும் அசையும். கை பிடித்து 'அ' எழுதக் கற்றுக் கொடுப்பது போலத்தான்.

காற்று இரைச்சலில் எப்படிப் பேசுவது? வாயில் இருந்து காதுக்கு ஒரு ரப்பர்க் குழாய். டாக்டர் மார்பில் வைத்துப் பார்க்கும் குழாய் போல. மின்சாரம் இல்லை, ரேடியோ இல்லை. வாத்தியார் திட்டினாலும் அந்தக் குழாய் வழியாகத்தான் வரும்!

இந்தக் குழாய்க்கு ஒரு கதை உண்டு. 'டைகர் மாத்' வருவதற்கு முன்னால் 'ஆவ்ரோ 504' என்று ஒரு பயிற்சி விமானம் இருந்தது. அதற்கும் இரட்டை இறக்கைதான். 1913-ல் பிறந்தது. முதல் உலக யுத்தத்தில் விமானிகள் எதிரியிடம் செத்தது போக, பழகும்போதே நிறையப் பேர் செத்தார்கள். "இப்படிச் செய்யாதே, ஆபத்து" என்று மட்டும் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள். ஆபத்து வந்தபோது என்ன செய்வது என்று பையன்களுக்குத் தெரியவில்லை.

1917-ல் இங்கிலாந்தில் காஸ்போர்ட் என்ற ஊரில் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி இந்த முறையை மாற்றினார். ஆபத்தை ஒளிக்காதே, வாத்தியார் கூடவே இருந்து அந்த ஆபத்துக்குள் மாணவனை அழைத்துப் போய், வெளியே வரவும் கற்றுக் கொடுக்கட்டும் என்றார். அதற்காகத்தான் இரட்டைக் கோல். அதற்காகத்தான் பேசும் குழாய். இன்றும் உலகம் முழுவதும் விமானம் பழக்கும் முறைக்கு அதுவே வேர்.

'டைகர் மாத்' அந்த முறைக்கு ஏற்ற விமானம். ஓட்டுவது சுலபம். நன்றாக ஓட்டுவது கஷ்டம். தப்புச் செய்தால் உடனே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் கொன்றுவிடாது.

திருப்பும்போது சுக்கானைச் சரியாக மிதிக்கவில்லை என்றால் விமானம் பக்கவாட்டில் சறுக்கும். அப்போது காற்று ஒரு கன்னத்தில் மட்டும் அடிக்கும். எந்தக் கருவியையும் பார்க்க வேண்டாம். கன்னமே சொல்லிவிடும்.

வேகம் மிகக் குறைந்தால் விமானம் பம்பரம் போலச் சுற்றிக்கொண்டு கீழே விழும். தரை மேலே எழும்பி வருவது போலத் தெரியும். பயத்தில் கை என்ன செய்யும்? கோலைத் தன் பக்கம் இழுக்கும். அது தப்பு! சுற்றுகிற பக்கத்துக்கு எதிராகச் சுக்கானை மிதித்து, கோலை முன்னால் தள்ள வேண்டும். தரையைப் பார்த்து விழும்போது தரையை நோக்கியே தள்ளுவதா? ஆம். தள்ளினால்தான் வேகம் கூடும். வேகம் கூடினால்தான் இறக்கை மறுபடி காற்றைப் பிடிக்கும். இதைப் புத்தகத்தில் படித்தால் மூளைக்குப் புரியும். கைக்குப் புரியாது. கைக்குப் புரிய வைக்க வாத்தியார் கூட வர வேண்டும்.

கிளப்புவதும் ஒரு வேடிக்கை. சாவி போட்டால் கிளம்பாது. முன்னால் உள்ள மர விசிறியை ஓர் ஆள் கையால் சுற்றிவிட வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்திருப்பார்கள். பிரேக் கிடையாது. காற்று பலமாக அடித்தால் இரண்டு பேர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்கள்.

எட்டு, பத்து மணி நேரம் பழகிய பிறகு ஒரு நாள் வரும். தரை இறங்கியதும் வாத்தியார் எழுந்து கீழே இறங்குவார். தன் இருக்கையின் பட்டைகளை இறுக்கிக் கட்டுவார். அவை அவிழ்ந்து கோலில் சிக்கிவிடக் கூடாது அல்லவா? பிறகு, "நீயே ஒரு சுற்றுப் போய் வா" என்பார். புல்லில் நடந்து போய்விடுவார். அந்த ஒரு சுற்றை எந்த விமானியும் சாகும் வரை மறப்பதில்லை.

பல வேடம்

ஒரே விமானம் பல வேடம் போட்டது.

முதலில் வந்ததற்கு 120 குதிரை என்ஜின். அடுத்து வந்த 'ஏ' ரகத்துக்கு 130 குதிரை. இந்த ரகத்தில் பின் குழிக்கு மேலே துணிக் கூடாரம் மூடும் வசதி உண்டு. மாணவனைக் கூடாரத்துக்குள் அடைத்துவிட்டு, வெளியே பார்க்காமல், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டச் சொல்வார்கள். மேகத்துக்குள் போனால் அப்படித்தானே ஓட்ட வேண்டும்?

கனடா நாட்டில் குளிர் எலும்பைத் துளைக்கும். அங்கே 'சி' ரகம் செய்தார்கள். மேலே கண்ணாடிக் கூரை. சக்கரத்துக்குப் பிரேக். பனிக் காலத்தில் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சறுக்குக் கட்டை மாட்டுவார்கள்.

எல்லாவற்றையும் விட விசித்திரமானது 'பி' ரகம். அதற்குப் பெயர் 'குவீன் பீ'. ராணித் தேனீ என்று அர்த்தம். அதில் விமானியே இல்லை! தரையில் இருந்து ரேடியோவால் ஓட்டினார்கள். பீரங்கி வீரர்கள் குறி பார்த்துச் சுட்டுப் பழக அதை வானத்தில் விட்டார்கள். 1935-ல் நடந்தது இது. இன்று கல்யாண வீட்டில் படம் எடுக்கப் பறக்கவிடுகிறார்களே, டிரோன், அந்தப் பெயரே இந்த ராணித் தேனீயில் இருந்து வந்தது என்று சொல்வார்கள். டிரோன் என்றால் ஆண் தேனீ.

1940-ல் ஹிட்லர் படை இங்கிலாந்தில் இறங்கிவிடுமோ என்ற பயம் வந்தது. அப்போது இந்தச் சாது விமானத்தில்கூடச் சின்ன வெடிகுண்டுகளை மாட்டப் பார்த்தார்கள். பர்மா யுத்தத்தில் சிலவற்றின் முதுகை வெட்டி மூடி போட்டு, காயம் பட்டவரைப் படுக்க வைத்துத் தூக்கிச் சென்றார்கள். யுத்தம் முடிந்த பிறகு வயலுக்கு மருந்து தெளித்தார்கள். நாலு பேர் உட்காரும் காராகவும் மாற்றினார்கள். அதாவது, பறக்கும் கார்!

எல்லா ரகமும் சேர்த்து எண்ணாயிரத்துக்கு மேல் செய்தார்கள். அதில் 3,000-க்கு மேல் செய்தது விமானக் கம்பெனி அல்ல. மாரிஸ் என்ற கார் கம்பெனி! நம் ஊர் அம்பாஸடர் காருக்குத் தாய் அந்தக் கம்பெனியின் கார்தான். கார் செய்த கைகளுக்கு விமானம் செய்ய அதிக நாள் பிடிக்கவில்லை. எண்ணூர்த் தொழிலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

துறைமுகத்துக்கு வந்த காவல்

இதெல்லாம் சீமைக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம்.

சென்னைக்கும் விமானத்துக்கும் உறவு மிகப் பழையது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஆஞ்சலிஸ் என்பவர் 1910 மார்ச் மாதத்தில் தீவுத் திடலில் விமானம் ஓட்டிக் காட்டினார். அந்த விமானத்தைச் செய்தது எங்கே? சென்னையிலேயே! குதிரை வண்டிகள் செய்துவந்த சிம்சன் கம்பெனியில். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் பார்த்தார்கள்.

நாலு ஆண்டு கழித்து, 1914 செப்டம்பர் 22-ந் தேதி ராத்திரி, எம்டன் கப்பல் வந்தது. ஜெர்மானியக் கப்பல். துறைமுகத்துப் பக்கம் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. சுமார் 130 குண்டுகள். வந்த வழியே போய்விட்டது. தந்திரக்காரனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் அன்று பிறந்தது. அன்று நம் கடலை மேலே இருந்து பார்த்து, "கப்பல் வருகிறது" என்று சொல்ல ஒரு விமானம் இல்லை.

1930-ல் சென்னை விமானக் கழகம் தொடங்கியது. மீனம்பாக்கம் பக்கத்துத் திடலில் 'மாத்' விமானங்கள் பறந்தன. 1932 அக்டோபர் 15-ந் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்து வந்தார். அங்கிருந்து அவருடைய தோழர் நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தார். அந்த விமானமும் 'மாத்' குடும்பம்தான். அதற்கு ஒற்றை இறக்கை.

அதே 1932-ல் இந்திய விமானப்படை பிறந்தது. ஆனால் 1939-ல் இரண்டாவது யுத்தம் மூண்டபோது அந்தப் படையில் இருந்தது ஒரே ஒரு ஸ்குவாட்ரன். இவ்வளவு நீளக் கடற்கரைக்கு யார் காவல்?

அப்போதுதான் கழகங்களில் 'மாத்' விமானத்தில் பழகியவர்களைத் தேடிப் பிடித்தார்கள். தபால் விமானம் ஓட்டியவர்களையும் சேர்த்தார்கள். துறைமுகப் பட்டணங்களில் கடற்காவல் விமானப் பிரிவுகள் அமைந்தன. முதலாம் எண் பிரிவு சென்னைக்கு. பரங்கிமலையில் இருந்து 'வாபிடி' என்ற பழைய இரட்டை இறக்கை விமானங்களில் கிளம்பி, கடலுக்கு மேலே போய்க் கப்பல்களுக்குக் காவல் இருந்தார்கள்.

கையில் இருந்தது ஓட்டை விமானம்தான். ஆனால் ஓட்டத் தெரிந்த கை இருந்தது! விமானத்தைப் பணம் கொடுத்து உடனே வாங்கலாம். விமானியை அப்படி வாங்க முடியாது. பழக்கித்தான் எடுக்க வேண்டும்.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னையே காலியானது. பெட்டி படுக்கையோடு ஜனங்கள் ரயிலுக்கு ஓடினார்கள். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு வீசியும் போனது. ராயபுரத்துப் பாட்டிமார்கள் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்த கதைகள் இவை.

அந்த நாட்களில் ஐதராபாத் பக்கத்தில் பேகம்பேட்டையிலும், ஜோத்பூரிலும் இளைஞர்கள் 'டைகர் மாத்' விமானத்தில் பழகிக்கொண்டிருந்தார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகும் அதிலேயே பழகினார்கள். பிறகு நாமே ஒரு பயிற்சி விமானம் செய்தோம். பெங்களூரில், டாக்டர் காட்கே என்ற நிபுணர் வரைந்த 'எச்.டி.2' 1951 ஆகஸ்டில் பறந்தது. இந்தியர் வரைந்து இந்தியர் செய்த பயிற்சி விமானம்! அது வந்ததும் கிழட்டு 'டைகர் மாத்' மெல்ல ஒதுங்கியது. ஆனாலும் சாகவில்லை. ஒன்றைப் பழுது பார்த்து, 2012-ம் ஆண்டு விமானப்படை நாளில் டெல்லிப் பக்கம் ஹிண்டனில் பறக்கவிட்டார்கள்.

பெண்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? 1936-ல் லாகூரில் சரளா தக்ரால் என்ற பெண், சேலை கட்டிக்கொண்டே 'ஜிப்ஸி மாத்' ஓட்டினார். 1951-ல் உஷா சுந்தரம், தம் கணவரோடு லண்டனில் இருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டி வந்தார். சென்னை அரசாங்கத்துக்காக வாங்கிய விமானம் அது. பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்கிற பெரியவர்கள் இந்த இரண்டு பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

ஒன்பதாவது ஆள்

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன காரணத்துக்கு வருகிறோம்.

ராமேஸ்வரத்தில் படகுக்காரர் ஒருவரின் மகன். பறக்க வேண்டும் என்று ஆசை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரியில் சேர இடம் கிடைத்தது. பணம் இல்லை. அக்கா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கல்லூரியில் பாடத்துக்காக இரண்டு பழைய விமானங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் போன பிறகும் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார் அந்தப் பையன். பிறகு, விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். வந்தவர்கள் 25 பேர். எடுத்தது 8 பேர். அவருக்குக் கிடைத்த இடம் ஒன்பது!

அவர்தான் அப்துல் கலாம். ராக்கெட் செய்தார். ஜனாதிபதி ஆனார். 2006 ஜூன் 8-ந் தேதி, 74-வது வயதில், புனாவில் போர் விமானத்தில் ஏறிப் பறந்தார். ஓட்டத் துடித்த கைக்கு அந்தக் கோல் கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

கலாம் தேர்வு எழுதி ஒன்பதாவதாக வந்தார். தேர்வு எழுதவே முடியாத பிள்ளைகள் எத்தனை பேர்?

விமானம் ஓட்ட இன்று இரண்டு வழி. ஒன்று, பணம் கட்டிப் பழகுவது. பயணிகள் விமானத்துக்கு லைசென்சு வாங்க 200 மணி நேரம் பறக்க வேண்டும். செலவு பல பத்து லட்சம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரும், வலை இழுக்கிறவரும், காண்டிராக்டில் வேலை செய்கிறவரும் இந்தத் தொகையைக் கனவிலும் எண்ண முடியாது.

இரண்டாவது வழி, விமானப்படை. பழக்கும் செலவு அரசாங்கத்தினுடையது. பிளஸ் டூ முடித்ததும் என்.டி.ஏ. தேர்வு எழுதலாம். தேறினால் புனாவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு படிப்பு. பிறகு விமானப் பயிற்சி. 2022 முதல் பெண்களையும் சேர்க்கிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வானத்துக்குப் போக ஏணி இது ஒன்றுதான்.

இந்த ஏணியின் முதல் படியைப் பாருங்கள்.

எழுத்துத் தேர்வுக்கு மொத்தம் 900 மார்க். கணக்குக்கு 300. பொதுத் தாளுக்கு 600. அந்த 600-ல் ஆங்கில மொழிக்கு 200. மீதி, விஞ்ஞானமும் சரித்திரமும் பூகோளமும் நாட்டு நடப்பும். வினாத்தாள் எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்.

அதாவது, ஆங்கிலத்துக்கு உரிய 200 போக, 700 மார்க்குக்கான கேள்விகளை இந்திக்காரப் பையன் தன் தாய்மொழியில் படிக்கிறான். திருவொற்றியூரில் தமிழில் கணக்குப் படித்த பையன், அந்த 700-ஐயும் வேறு மொழியில்தான் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். கணக்கு அவனுக்குத் தெரியும். கேள்வி தெரியாது. இது என்ன நியாயம்?

விமானிக்கு ஆங்கிலம் வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். வானத்தில் தரையோடு பேசுவது ஆங்கிலத்தில்தான். அது தெரியாமல் விமானம் ஓட்டக் கூடாது. அதற்குத்தான் ஆங்கிலத்துக்கு என்று 200 மார்க் தனியாக இருக்கிறதே! அது அப்படியே இருக்கட்டும். அதைத் தொடச் சொல்லி நாம் கேட்கவில்லை. கணக்கையும் விஞ்ஞானத்தையும் தமிழில் கேளுங்கள் என்றுதான் கேட்கிறோம். வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகு, பயிற்சி முடியும் வரை ஆங்கிலம் பழகக் காலம் இருக்கிறது.

முடியாத காரியமா? இல்லை. மத்தியப் போலீஸ் படைகளுக்குக் காவலர் எடுக்கும் தேர்வும் ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடந்தது. தமிழ்நாடு ஆட்சேபித்தது. 2024 முதல் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடத்தினார்கள். துப்பாக்கி தூக்குகிற வேலைக்குத் தமிழில் எழுதலாம் என்றால், விமானம் ஓட்டுகிற வேலைக்கு எழுதக் கூடாதா?

மத்திய அரசாங்கம் இதைச் செய்ய வேண்டும். நம் எம்.பி.க்கள் பார்லிமெண்டில் இதைக் கேட்க வேண்டும். வடசென்னை எம்.பி. முதலில் எழுந்து கேட்டால் பொருத்தமாக இருக்கும்.

அது நடக்கும் வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டாம். இந்தத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. நடத்துவது யு.பி.எஸ்.சி. பயிற்சியில் சேரும்போது வயது பதினாறரைக்கு மேல், பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். விமானப்படைக்குப் போக பிளஸ் டூவில் கணக்கும் பவுதிகமும் ரசாயனமும் எடுத்திருக்க வேண்டும். ஆகவே பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கும் நாளிலேயே இதை யோசிக்க வேண்டும். பள்ளியில் என்.சி.சி. விமானப் பிரிவு உண்டா என்று தலைமை ஆசிரியரைக் கேளுங்கள். இல்லை என்றால், பக்கத்தில் எந்தப் பள்ளியில் உண்டு என்று கேளுங்கள்.